பாட்டி மேல நீ அடிக்கப் போற கலர்

பாப்பா,

இங்க மலேசியாவுல நம்ம ஊர்ச் சுவர்ல அடிக்க, பாட்டி ரப்பர் மரத்துல பால் வெட்டுற மாதிரி மெல்பர்ன்ல இருந்து நீ அனுப்புன ஸ்கெட்ச் வந்துச்சும்மா, அம்மாவும் நானும் போனைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தோம், பாட்டியோட மூக்குத்தி கூட அப்படியே இருக்கு. அம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா நீ ஸ்டென்சில் ஷீட்டை, அதான் ஓட்டை வழியா பெயிண்ட் அடிக்கிற அந்த அச்சை, வெட்டுறதுக்கு முன்னாடி சிலது சொல்லணும், போன்ல சொன்னா பாதி விட்டுப்போயிடும்னுதான் உட்கார்ந்து டைப் பண்றேன்.

மொதல்ல மரத்துல உள்ள வெட்டு. நீ போட்டதுல வலது பக்கம் உசந்து இடது பக்கம் இறங்குது. அது தப்பும்மா. எந்தத் தோட்டத்துல போய்ப் பார்த்தாலும் இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ இறங்கும், ஏன்னா பட்டைக்குள்ள பால் ஓடுற குழாய் நேரா நிக்காது, கொஞ்சமா வலது பக்கம் சாஞ்சுதான் மேல ஏறும், அதுக்கு எதிர்ச் சாய்வா உளி போனாத்தான் நிறைய குழாய் அறுபட்டு பால் கூட வரும். ஷீட்டைப் புரட்டி வச்சு அடிச்சாலே இப்படி எல்லாம் பக்கம் மாறிடும், அதனால முன்பக்கம் எதுன்னு மார்க்கர்ல எழுதி வச்சுக்கோ. சுங்கை சிப்புட் சந்தைக்கு வர்ற பாட்டிங்க முக்காவாசிப் பேரு பால் வெட்டுனவங்க, சுவரைப் பார்த்த நிமிஷமே கண்டுபிடிச்சிடுவாங்க.

அப்புறம் பாட்டி இருட்டுல பால் வெட்டக் கட்டுற நெத்தி லைட்டு. நான் தோட்டத்து ஸ்டோர்ல ரப்பர் பேல், அதான் ரப்பர் கட்டு, மேல எழுத்து வெட்டுன தகரத்தை வச்சு கருப்பு மை அடிச்சு மார்க் போட்டவன், இங்கிலீஷ் O எழுத்துக்கு நடுவுல ஒரு சின்னப் பட்டை விட்டு வெட்டலைன்னா உள் வட்டம் கழண்டு விழுந்துடும், வெறும் ஓட்டைதான் மிஞ்சும். உன் லைட்டுல வட்டத்துக்குள்ள வட்டம் இருக்கு, தாங்குற பட்டை ஒண்ணுமே இல்ல. ஒண்ணு பட்டை விடு, இல்ல அந்த வெளிச்சத்தைத் தனி லேயரா வெட்டிடு.

இப்ப முக்கியமான விஷயம், கலரு. நீ காட்டுன அந்த நார்வேக்காரர் மார்ட்டின் வாட்சன் வேலை எனக்கும் ரொம்பப் புடிச்சிருக்கு, ஆளு மட்டும் கருப்பு வெள்ளை சாம்பல்ல ஸ்டென்சிலா நிக்க, பிங்க், மஞ்சள், நீலம்னு கிராஃபிட்டி கிறுக்கல் அப்படியே பீறிட்டு வருது. 1981ல பாரிஸ்ல ப்ளெக் லெ ரா சுவர் சுவரா கருப்பு எலி அடிச்ச காலத்துல இருந்து ஸ்டென்சில் எவ்வளவு தூரம் வந்துடுச்சுன்னு நீ சொன்னது புரிஞ்சுது. ஆனா நீ அந்தக் கிறுக்கலைக் கொண்டு போய் பாட்டி முகத்து மேலயே போட்டிருக்கே. வேணாம்மா. விடியுறதுக்கு முன்னாடி பேர் கூப்பிடுற பெரட்டுல வரிசையா நின்ன காலத்துல அவங்க செக்ரோல்ங்கிற வருகைப் பதிவேட்டுல ஒரு பேரு, அவ்வளவுதான், முகத்தை யாரும் பார்க்கல. முகமும், உளி புடிச்ச கையும், முழுக்கைச் சட்டையும், தலைத்துண்டும் சாம்பல்லயே தெளிவா இருக்கட்டும். கலரு அந்த வெட்டுல இருந்து கிளம்பட்டும், பால் ஓடுற வழியில சரிவா ஓடி, பால் புடிக்கிற மங்குல விழுந்து, நிரம்பி வழிஞ்சு, கீழ தரை வரைக்கும் உன் இஷ்டத்துக்குக் கிறுக்கு. பெயிண்ட் ஒழுகினாலும் விடு, அந்த இடத்துல ஒழுகுறதுதான் அழகு.

ஈப்போ பழைய டவுன்ல 2014ல எர்னஸ்ட் சகாரெவிச் வரைஞ்சாரே, காப்பி குடிக்கிற பெரியவர், அவர் முன்னாடி எத்தனை பேர் நின்னு படம் புடிக்கிறாங்க! கோலகங்சார்ல 1877ல நட்ட ரப்பர் மரத்தை இன்னிக்கும் பாதுகாத்து வச்சிருக்காங்க, நல்லதுதான், வைக்கட்டும். அந்த மாதிரி மரத்துல பால் வெட்டுன நம்ம பொம்பளைங்களுக்கு இந்த வட்டாரத்துல ஒரு சுவராவது வேணும் பாப்பா. இப்ப சுத்தி எங்க பார்த்தாலும் செம்பனை, உன் அக்கா பிள்ளைங்களுக்கு மங்குன்னா என்னன்னே தெரியல.

சுவரு ரெடி. மளிகைக்கடை அண்ணன் சரின்னுட்டாரு, பாசியைச் சுரண்டிக் கழுவி வெள்ளை அண்டர்கோட் அடிக்கிறது என் பொறுப்பு. ஸ்ப்ரே டப்பா எதையும் பெட்டியில வச்சிடாதே, பிளைட்ல விடமாட்டாங்க, எந்தெந்தக் கலருன்னு லிஸ்ட் அனுப்பு, நான் ஈப்போ போய் வாங்கி வைக்கிறேன். சாயங்காலம் ஆனா மழை புடிச்சுக்குது, அதனால காலையிலயே வேலையை ஆரம்பிக்கிற மாதிரி பார்த்துக்கலாம், ஏணி நான் புடிக்கிறேன்.

அப்பா