சனிக்கிழமைக் கூட்டம்: நான்காம் ஆண்டு கணித வகுப்பு

வணக்கம் பெற்றோர்களே. வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி மண்டபத்தில் கூடுகிறோம். தலைமையாசிரியரும் வருகிறார்.

நேற்று நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியின் கணித நோட்டைப் புரட்டினேன். பின்னம் தொடங்கிய பக்கத்தோடு நிற்கிறது. அதன் பிறகு மூன்று வாரமாக வெறும் தாள். ஆசிரியர் பிரசவ விடுப்பில் போனதிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

முன்பு, மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வுக்காக அனுபவமுள்ள ஆசிரியர்களை நம் பள்ளியில் ஆறாம் ஆண்டுக்கே ஒதுக்குவார்கள். அந்தத் தேர்வை 2021-இல் ரத்து செய்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. கூட்டத்தில் இதைத்தான் முதலில் கேட்கப் போகிறோம்.

தயவுசெய்து எந்த ஆசிரியரின் பெயரையும் குழுவில் போடாதீர்கள். ஆசிரியரை அனுப்புவது கல்வி அமைச்சு; யாருக்கு எந்த வகுப்பு என்பது பள்ளியின் முடிவு. இரண்டையும் குழப்பினால் கோரிக்கை எங்கும் போய்ச் சேராது. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத நமக்குக் கணக்கு வேண்டும்: எந்தப் பாடம், எத்தனை நாள் ஆசிரியர் இல்லை. பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக் குறித்து வாருங்கள். கடிதம் மலாயில் போகும், தமிழிலும் இங்கே போடுவோம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலையில் இருப்பவர்கள் குரல் பதிவு அனுப்புங்கள், கூட்டத்தில் போடுகிறோம். குழுவில் இல்லாத பெற்றோரை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாவை, நேரில் போய்க் கூப்பிட வேண்டும். பாடத்தில் பின்தங்கிய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இல்லாமல் அவர்களுக்காக நாம் பேசுவது சரியில்லை. வீடு வீடாகப் போக யார் வருகிறீர்கள்? இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.