கேள்வி கேட்டால் காத்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சிறுவர் நிகழ்ச்சிகள் கெட்டுப்போய்விட்டன என்ற ஏக்கம் வாசகர் கடிதங்களில் அடிக்கடி தென்படுகிறது. ஏக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் காலத்து வெள்ளந்தி போய்விட்டது என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அந்த நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் இருந்த உழைப்பு மறைந்துபோகிறது.

1969 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆய்வாளர்கள் ஒரு குழந்தையை டிவி முன் உட்காரவைத்து, பக்கத்திலேயே இன்னொரு திரையில் ஏழரை நொடிக்கு ஒரு ஸ்லைடு மாற்றுவார்கள். குழந்தையின் கண் எந்த இடத்தில் டிவியை விட்டு ஸ்லைடுக்குத் தாவுகிறதோ, அந்தப் பகுதியில் ஏதோ கோளாறு என்று குறித்துக்கொள்வார்கள்.

1996இல் வந்த ‘புளூஸ் க்ளூஸ்’ ஒரே அத்தியாயத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பியது. பெரியவர்களுக்கு அலுக்கும், மூன்று வயதுக் குழந்தைக்கு அலுக்காது. முதல் நாள் கவனித்துப் பார்க்கும் பிள்ளை, நாள் போகப்போகத் திரையைப் பார்த்து உரக்கப் பதில் சொல்லத் தொடங்கும். அதற்காகவே கேள்விக்குப் பின் சிறிது மௌனம் விடுவார்கள். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த டோரா–புஜ்ஜியும் இதே முறைதான். தமிழாக்கும்போது சறுக்கக்கூடிய இடமும் இதுவே. மூலத்தைவிடத் தமிழ் வசனம் நீண்டுவிட்டால், மீதி வார்த்தைகள் அந்த மௌனத்துக்குள் வழிந்துவிடும். “உங்க எல்லாருக்கும் அந்தப் பாலம் எங்கே இருக்குன்னு தெரியுதா?” என்று இழுக்காமல் “பாலம் எங்கே?” என்று முடித்தால், குழந்தைக்கு விரல் நீட்ட நேரம் கிடைக்கும். இடைவெளி வெறுமையாக இருக்கிறதே என்று அங்கே இசையைப் போட்டு நிரப்புவது அதைவிடப் பெரிய தவறு.

மொழியில் இன்னும் நுணுக்கமாக இருந்தவர் 1968 முதல் 2001 வரை ‘மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்’ நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ். ஒரு வரியை அவர் எழுதும் முறையை உடன் பணியாற்றியவர்கள் ஒன்பது படிகளாகத் தொகுத்திருக்கிறார்கள். ‘தெருவில் விளையாடுவது ஆபத்து’ என்பது தொடக்கம். பயமுறுத்தாமல் சொல்ல, ‘பாதுகாப்பான இடத்தில் விளையாடுவது நல்லது’ என்றாகும். எது பாதுகாப்பு என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? ‘அப்பா அம்மாவைக் கேள்.’ அது கட்டளையாக ஒலிக்கிறது, ஆகவே ‘அப்பா அம்மா சொல்வார்கள்.’ சொல்வார்கள் என்று நாம் எப்படி உறுதி கொடுப்பது? ‘அவர்களால் சொல்ல முடியும்.’ எல்லாப் பிள்ளைக்கும் அப்பா அம்மா இருப்பதில்லையே! ‘உனக்குப் பிடித்த பெரியவர்களால் சொல்ல முடியும்.’ ஒரே ஒரு வரிக்கு இத்தனை யோசனை. நிகழ்ச்சியில் மீனுக்கு இரை போடும்போது அதை வாய்விட்டுச் சொல்வார். பார்வையற்ற ஒரு சிறுமிக்கு மீன்கள் பட்டினி கிடக்குமோ என்று கவலை வந்ததுதான் காரணம்.

இப்போதைய நிகழ்ச்சிகளில் வருவதோ வேகம். 2011இல் அமெரிக்காவில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரிடம் நடந்த ஆய்வில், சராசரியாக 11 நொடிக்கு ஒருமுறை காட்சி மாறும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்தவர்கள், கவனமும் பொறுமையும் வேண்டிய சோதனைகளில் பின்தங்கினார்கள். 34 நொடிக்கு ஒருமுறை மாறும் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கும் படம் வரைந்துகொண்டிருந்தவர்களுக்கும் அந்தச் சரிவு இல்லை. பார்த்த கையோடு எடுத்த அளவு அது. நாள்பட்ட விளைவைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை. ஆனாலும் பெற்றோர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் காட்சி எத்தனை தடவை இடம் மாறுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஐந்தாறைத் தொட்டாலே சிறு பிள்ளைக்கு வேறு நிகழ்ச்சி தேடுவது நல்லது. யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, பிடித்த ஒரே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் போடுங்கள்.

விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரங்கள் சிறுவர் நிகழ்ச்சிகளிலோ சிறுவர் சேனல்களிலோ வரக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மீறல் கண்ணில் பட்டால் சேனல், நேரம், பொருளின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். இந்த எண்ணை உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரந்தோறும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி