கூச்சம் விட்டுப்போகாத சாம்பியனுக்கு

அன்புள்ள ஃப்ளாய்ட் பேட்டர்சன் அவர்களுக்கு,

நீங்கள் 2006 மே மாதமே காலமாகிவிட்டீர்கள். இருந்தாலும் உங்களுக்குச் சில விஷயங்களை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏழைச் சிறுவன் ஒருவன் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற கதையை யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பசி அவனை முரடனாக்கியதாம், அந்த முரட்டுத்தனமே அவனை ஜெயிக்க வைத்ததாம். உங்கள் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தக் கதை எனக்குச் செரிக்கவில்லை. பசி உங்களுக்கு ஒளிந்துகொள்ளத்தான் கற்றுக்கொடுத்தது.

வட கரோலினாவில் 1935இல் பிறந்தீர்கள். பதினொரு பிள்ளைகளில் மூன்றாவது. குடும்பம் பிழைப்புத் தேடி நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தது. அப்பா கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனார். உடம்புக்குப் பொருந்தாத உடுப்போடு பள்ளிக்குப் போனால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பள்ளியையே விட்டு ஓடினீர்கள். அப்படி ஓடிய சிறுவன் பகல் முழுவதும் எங்கே இருந்தான் என்பதைப் படித்தபோது மனம் கனத்துப்போனது. ஹை ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்தில், தொழிலாளர்கள் கருவிகள் வைக்கும் சிறு அறை ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். இரும்பு ஏணியில் ஏறி உள்ளே போய், கதவைச் சாத்தி, தரையில் செய்தித்தாளை விரித்துப் படுத்துவிடுவீர்கள். கும்மிருட்டு. கீழே ரயில்கள் இரைந்துகொண்டு போகும். வெளியே இருப்பவர்களின் கண்களைவிட அந்த இருட்டு உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

வீட்டுச் சுவரில் தொங்கிய புகைப்படத்தில் உங்கள் முகத்தின் மீது மட்டும் பெருக்கல் குறி கீறி வைத்தீர்களாமே. அம்மா கேட்டதற்கு, 'இந்தப் பையனை எனக்குப் பிடிக்கவில்லை' என்றீர்களாம். பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளை சொல்லும் சொல்லா அது?

சின்னச் சின்னத் திருட்டுகள், பிடிபடுதல், நீதிமன்றம். கடைசியில் ஹட்சன் நதியோரம் ஈசோப்பஸ் என்ற ஊரில் இருந்த வில்ட்விக் ஆண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். சிறைக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துப் போன உங்களுக்கு அங்கே கம்பியும் இல்லை, வேலியும் இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அக்கறை காட்டி ஆதரித்த பள்ளி அது. அங்கே ஓர் ஆசிரியை, வாயே திறக்காத உங்களிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். சரியான பதிலுக்கு மிட்டாய் கொடுத்தார். பதில் தெரிந்தும் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் கை தூக்காத பிள்ளையைப் பேசவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும். குத்துச்சண்டைக் கையுறையை முதலில் மாட்டியதும் அந்தப் பள்ளியில்தான். உங்களை ஆளாக்கியது யார் என்று என்னைக் கேட்டால், பயிற்சியாளருக்கு முன்னால் அந்த ஆசிரியையைத்தான் சொல்வேன். வாழ்க்கை திரும்பியது வில்ட்விக்கில்தான் என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள்.

பதினான்கு வயதில் மன்ஹாட்டனின் கிராமர்சி பயிற்சிக்கூடத்தில் பயிற்சியாளர் கஸ் டமாட்டோவிடம் சேர்ந்தீர்கள். பயம் எல்லோருக்கும் உண்டு, அதை மறைக்காதே, பயன்படுத்தக் கற்றுக்கொள் என்பது அவர் பாடம். உங்களைப் போன்ற மாணவனுக்கு அதைவிடப் பொருத்தமான வாத்தியார் கிடைத்திருக்க முடியாது. அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக், பதினேழு வயது, மிடில்வெயிட் என்ற நடுத்தர எடைப் பிரிவில் தங்கம்; இறுதிப் போட்டி முதல் சுற்றிலேயே முடிந்தது. 1956 நவம்பர் 30, சிகாகோ. ராக்கி மார்சியானோ ஓய்வு பெற்றதால் காலியாக இருந்த பட்டத்துக்காக ஆர்ச்சி மூரை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினீர்கள். இருபத்தோரு வயதில் ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவின் உலக சாம்பியன். அதற்கு முன் அவ்வளவு இளம் வயதில் யாரும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சாதனையை முறியடித்த மைக் டைசனும் டமாட்டோவின் மாணவர்தான்.

நீங்கள் சண்டையிடும் விதத்தைப் பழைய படச்சுருள்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரு கையுறைகளும் கன்னத்தை ஒட்டி, முழங்கைகள் விலாவை மறைத்து, இடுப்பிலிருந்து ஆடிக்கொண்டே நெருங்குவீர்கள். திடீரென்று மான் துள்ளுவதுபோல் தரையை விட்டு எழும்புவீர்கள், இடது கையை வளைத்து அடிக்கும் குத்து, இடது ஹூக், விழும். பார்க்க அழகு, ஆனால் ஆபத்தும் அதிலேயே இருந்தது. பாதங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருப்பதால், நேராக வரும் வலுவான வலது குத்தைத் தாங்கப் பின்னால் ஊன்ற கால் இருக்காது. அதனால்தான் அடிக்கடி விழுந்தீர்கள். அதிக முறை விழுந்தவன் நான் என்கிறார்கள், அதிக முறை எழுந்தவனும் நான்தான் என்று நீங்கள் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எழுந்த பிறகு உங்களுக்குள் இருந்த வெட்கத்தைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

1959 ஜூன் 26 இரவு அப்படித்தான். ஸ்வீடனின் இங்கமார் ஜோஹான்சன் மூன்றாம் சுற்றில் உங்களை ஏழு முறை தரையில் தள்ளினார். முதல் முறை விழுந்து எழுந்த நீங்கள், விழுந்தது அவர்தான் என்ற மயக்கத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவரை விட்டு விலகி நடந்தீர்கள். அந்தக் காட்சியைப் பார்க்கவே முடியவில்லை. அதன் பிறகு வெளியே தலைகாட்டவே கூசி வீட்டுக்குள் அடைந்து கிடந்தீர்கள்.

மறுவருடம் ஜூன் 20 அன்று போலோ கிரவுண்ட்ஸில் ஐந்தாம் சுற்று. அதே துள்ளல், அதே இடது ஹூக். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீண்டும் வென்ற முதல் மனிதர் நீங்கள். இங்கமார் நினைவிழந்து கிடக்கிறார், அவர் கால் துடிக்கிறது. கொண்டாட வேண்டிய நேரத்தில் நீங்கள் மண்டியிட்டு அவர் தலையைத் தாங்கினீர்கள். அந்தப் போட்டிக்காக ஓராண்டு வளர்த்த வெறுப்பு இனி ஒருபோதும் வேண்டாம் என்று பின்னர் சொன்னீர்கள். கொல்லும் குணம் போதாது என்று உங்களை விமர்சித்தவர்கள் இதைத்தான் குறை என்றார்கள். எதிராளியின் வாயிலிருந்து விழுந்த பற்காப்பை எடுத்துக்கொடுக்கக் குனிந்தவர் நீங்கள். அதைக் குறை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

பட்டத்துக்கு முன்னணிப் போட்டியாளராக இருந்த சோனி லிஸ்டனோடு மோத வேண்டாம் என்று டமாட்டோ தடுத்தார். சிறை சென்றவருக்குப் பட்டப் போட்டி கொடுக்கலாமா என்று மற்றவர்களும் கேட்டார்கள். தண்டனை அனுபவித்துவிட்டார், வாய்ப்புக் கொடுப்பதுதான் நியாயம் என்றீர்கள். நீதிமன்றம் வழியாக வில்ட்விக் போன ஒருவர் வேறென்ன சொல்வார்? 1962 செப்டம்பர் 25, உங்கள் எடை 189 பவுண்டு, அவர் எடை 214. இரண்டு நிமிடம் ஆறு விநாடியில் உங்கள் தோல்வியோடு முடிந்தது. தோற்றால் முகத்தை மறைக்கப் பொய்த்தாடியும் மீசையும் முன்கூட்டியே பெட்டியில் வைத்திருந்தீர்கள். அதை ஒட்டிக்கொண்டு, போட்டி நடந்த சிகாகோவை விட்டுக் கிளம்பி, பிறகு மாட்ரிட் வரை பறந்தீர்கள். அங்கே கிழவரைப்போல் நொண்டி நடந்தீர்கள். உணவகத்தில், உங்களுக்குப் பிடிக்காத சூப்பைச் சாப்பிட்டீர்கள், வயதானவர்கள் அதைத்தான் சாப்பிடுவார்கள் என்று. இதையெல்லாம் ஒரு பத்திரிகையாளரிடம் நீங்களே சொல்லி, நான் ஒரு கோழை என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பத்து மாதத்தில் அதே லிஸ்டன் முன் மறுபடி போய் நின்றீர்கள், மறுபடி முதல் சுற்றிலேயே தோற்றீர்கள். முகத்தைக் காட்டக் கூசுகிற ஒருவர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் அரைக்கால் சட்டையோடு விளக்கொளியில் நிற்பது என்ன துணிச்சல் என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

எல்லாவற்றிலும் உங்கள் பக்கம் நிற்கிறேன் என்று நினைக்காதீர்கள். முகம்மது அலி தன் பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் காசியஸ் கிளே என்றே அழைத்தது தவறு. தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை நீங்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்காக 1965இல் லாஸ் வேகஸில் முதுகு பிடித்துக்கொண்ட உங்களைப் பன்னிரண்டாம் சுற்று வரை அவர் வதைத்ததும் எனக்கு உடன்பாடில்லை.

1972இல் அதே அலியிடம் தோற்றதோடு விளையாட்டை விட்டீர்கள். 64 போட்டிகள், 55 வெற்றிகள். இங்கமாரும் நீங்களும் நண்பர்களானீர்கள். ஸ்டாக்ஹோம் மாரத்தானில் சேர்ந்து ஓடினீர்கள். நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராக இருந்தபோது, 1998இல், வாக்குமூலம் கொடுக்கையில் பட்டம் வென்ற போட்டியில் யாரோடு மோதினீர்கள் என்பதே நினைவுக்கு வரவில்லை. பதவி விலகினீர்கள். அது ஊர் முழுக்கச் செய்தியானபோது உங்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. இங்கமாரையும் கடைசியில் மறதி நோய் பிடித்துக்கொண்டது.

நியூயார்க் மாநிலத்தின் நியூ பால்ட்ஸ் ஊரில் நீங்கள் நடத்திய பயிற்சிக்கூடத்துக்கு ட்ரேசி என்ற சிறுவன் வந்தான். அவனைத் தத்தெடுத்து, உங்கள் பெயரையும் கொடுத்து வளர்த்தீர்கள். 1992இல் ட்ரேசி ஹாரிஸ் பேட்டர்சன் உலக சாம்பியன் ஆனார். நீங்கள் வென்ற பட்டங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அதனால்தான் இந்தக் கடிதத்தில் இதையும் எழுதிவைக்கிறேன்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் ரசிகன்