மூன்று ஓ.பி. சீட்டு, ஒரே வியாதி: நெல்லைச் சீமை டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலிச் சீமையில் கண், காது, நரம்பு, மனநலம் பார்க்கும் டாக்டர்கள் எல்லோருக்கும் வணக்கம். எந்த ஆஸ்பத்திரி பெயரையும் எழுதப்போவதில்லை. முக்கூடலில் பீடி சுற்றும் என் மதினிக்கு, 31 வயதில் வந்த சூசாக் சிண்ட்ரோம் என்ற வியாதியைச் சொல்லத்தான் இந்த மடல்.

சித்திரையில் தலைவலி. ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதினார்கள், சரி. வைகாசியில் ஒருநாள் இலையை வெட்டிவிட்டு, கத்தரி கையில் இருக்க, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பதினைந்து வருஷமாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுற்றுகிற கை அது. வீட்டில் சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டார்கள், அப்புறம் மனநல டாக்டரிடம் போனோம், தூக்கம் வர மாத்திரை கிடைத்தது.

நடுவில் வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ மறைக்கிறது என்றார். கண் டாக்டரிடம் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டார், 6/6, கண் நல்லா இருக்கும்மா என்று அனுப்பிவிட்டார்கள். விழித்திரையில் ஒரு கிளை ரத்தக்குழாய் மட்டும் அடைத்தால் நடுப்பார்வை கெடாமல் தப்பிவிடும், பலகையில் ஒரு பிசகும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது நானும் இல்லை.

காது விஷயம்தான் இன்னும் கொடுமை. துபாயில் இருந்து அண்ணன் போன் போட்டால் மதினி பதில் பேசுவதில்லை என்று வீட்டில் பெரிய சண்டை. அம்மா கூப்பிட்டால் திரும்புவார், பாத்திரம் உருண்டால் திரும்புவார், அண்ணன் குரலும் என் குரலும் மட்டும் விழாது. வேணும்னே செய்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டோம். இந்த வியாதியில் பெரும்பாலும் முதலில் போவது ஆண்குரல் மாதிரி தாழ்ந்த சுருதி ஒலிதான், உட்காதில் நத்தைக்கூடு போல் சுருண்டிருப்பதன் உச்சியில் ரத்தம் குறைந்துவிடுவதால் என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையைத் தாக்கும் வியாதி) ஆக இருக்கலாம் என்றார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தவர் சின்ன வயசு டாக்டர் ஒருவர். அவர் கேட்ட கேள்விக்கு மதினி பதில் சொல்லாமல் என் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "காது எத்தனை நாளா இப்படி?" என்றார். நாலு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

சூசாக் சிண்ட்ரோம். 1979இல் ஜான் சூசாக் என்ற அமெரிக்க டாக்டர் இரண்டு பெண்களிடம் பார்த்து எழுதியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, விழித்திரை, உட்காது மூன்றிலும் நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தாக்கி அடைக்கிறது. 20 முதல் 40 வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம். மூன்றும் ஒரே நேரத்தில் வருவது குறைவு, முன்னே பின்னே வரும், அதனால்தான் மூன்று சீட்டு, மூன்று கட்டடம், மூன்று வரிசை.

அபூர்வமான வியாதி, எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இளவயதுப் பெண் ஒருத்தி தலைவலியும் குழப்பமுமாக வந்தால், மனநோய் என்றோ எம்.எஸ். என்றோ எழுதுவதற்கு முன் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பாருங்கள், அது சரியாகத் தெரிந்தாலும் கையில் மஞ்சள் மருந்து ஏற்றி விழித்திரை ரத்தக்குழாய்களை ஆஞ்சியோ படம் எடுங்கள், காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க ஒரு ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இரண்டு பாதியையும் சேர்க்கும் பாலத்தைப் பக்கவாட்டுப் படத்தில் பாருங்கள்: சூசாக்கில் அதன் நடுவில் உருண்டை உருண்டையாகப் புள்ளிகள் இருக்கும், எம்.எஸ்.ஸில் பெரும்பாலும் கீழ் ஓரத்தில். அதைவிட முக்கியம், மூன்று பேரும் ஒருவருக்கொருவர் ஒரு போன் போடுங்கள். ஓட்டோட்டமாக ஓடியது நாங்கள்தான், தகவல் எங்களோடு ஓடவில்லை.

ஸ்டீராய்டு ஊசி போட்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் கொடுத்த பிறகு குழப்பம் தெளிந்துவிட்டது. பீடித் தட்டு மறுபடி மடிக்கு வந்தாயிற்று. இடது காது திரும்பவில்லை, திரும்பாது என்றுதான் சொல்கிறார்கள். அண்ணன் இப்போது வீடியோவில் வந்து வாயசைத்து மெதுவாகப் பேசுகிறான்.

அந்த மஞ்சள் மருந்து ஏற்றிய அன்று மேலெல்லாம் மஞ்சள், சிறுநீரும் மஞ்சள், மஞ்சள்காமாலை என்று அம்மா கீழாநெல்லி பறிக்கக் கிளம்பிவிட்டாள். அடுத்த மாதம் மறுபடி ஆஞ்சியோ இருக்கிறது. கீழாநெல்லி வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முக்கூடலில் இருந்து ஒரு கொழுந்தன்