பழகாத தளத்தில் ஒரு தேர்வு, மலையில் இல்லாத ஓர் அறை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெருமளவு தரவைச் சேகரித்து ஒழுங்குபடுத்தும் டேட்டா இன்ஜினியரிங் துறையின் சான்றிதழ்த் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று எங்கள் பகுதிப் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். சென்னையில் ஆறாண்டுகள், கணினி வசதியை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் அமேசான் கிளவுட் தளத்தில் வேலை பார்த்துவிட்டு, கோத்தகிரிக்கு அருகில் உள்ள சொந்த ஊருக்கே திரும்பி வந்து வீட்டிலிருந்து பணிபுரிகிற எனக்கு, எங்கள் வாடிக்கையாளர் கூகுள் கிளவுடுக்கு மாறியதால், அதுவரை தொட்டே பாராத தளத்தில் தேர்வெழுத வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்தையும், அதையொட்டிய ஒரு கோரிக்கையையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நான் எழுதியது கூகுளின் புரொஃபஷனல் டேட்டா இன்ஜினியர் தேர்வு. இரண்டு மணி நேரம், ஏறக்குறைய 50 கேள்விகள், கட்டணம் 200 டாலர், வரி தனி. முதல் முறை தோற்றால் 14 நாள் கழித்து முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்டித்தான் எழுத முடியும். முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. ஆனால் துறையில் மூன்றாண்டும், அதில் ஓராண்டாவது அந்தத் தளத்திலும் அனுபவம் இருப்பது நல்லது என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அந்த ஓராண்டு இல்லை, மூன்று மாதம்தான் இருந்தது.

அவசரத்தில் சமவெளியிலுள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினேன். முதல் வகுப்பிலேயே ஓர் அட்டவணையை அச்சடித்துக் கொடுத்தார்கள்: தரவைச் சேமித்து ஆராய அங்கே (அமேசானில்) ரெட்ஷிஃப்ட் என்றால் இங்கே (கூகுளில்) பிக்குவெரி, ஓடிவரும் தரவை வாங்க அங்கே கினிசிஸ் என்றால் இங்கே பப்சப். இதை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது என்றார்கள். மீதிப் பாதி, தேர்வில் வந்தவை என்று சொல்லி விற்கப்பட்ட கேள்விக் கட்டு. அதைப் பயன்படுத்துவது தேர்வு விதிகளுக்கே விரோதம் என்பதால் அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அட்டவணையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேர்மையாகப் படிப்பவர்களும் அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள்.

பெயருக்குப் பெயர் பொருந்தினாலும் பழக்கம் பொருந்துவதில்லை. ரெட்ஷிஃப்டில் நாங்கள் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். மோசமாக எழுதிய குவெரியால், அதாவது தரவிடம் கேட்கும் கேள்வியால், நேரம்தான் வீணாகும். பிக்குவெரியின் வழக்கமான கட்டண முறையிலோ, ஒரு குவெரி எவ்வளவு தரவைப் படிக்கிறதோ அவ்வளவுக்குக் காசு. பத்து வரிகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் லிமிட் 10 என எழுதினால் செலவு குறையும் என்று நான் நினைத்தேன். தரவு வைத்திருக்கும் சாதாரண அட்டவணையில் அது முழுவதையும் படித்த பிறகுதான் பத்து வரியைக் காட்டும். வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் கேட்பதும், அட்டவணையைத் தேதிவாரியாகப் பிரித்து வைப்பதுமே அங்கே சிக்கனம். குவெரியை ஓட்டுவதற்கு முன்பே எவ்வளவு தரவு படிக்கப்படும் என்பதைத் திரை காட்டிவிடுகிறது; அந்த எண்ணைப் பார்க்கப் பழகவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. தேர்விலோ பெரும்பாலும் இதுதான் விஷயம். நான்கு விடைகளும் வேலை செய்யக்கூடியவைபோலவே தோன்றும். கேள்வியின் ஓரத்தில் 'குறைந்த செலவில்' என்றோ 'குறைந்த பராமரிப்பில்' என்றோ இருக்கும் ஒரு சொல்தான் சரியான விடையைப் பிரித்துக் காட்டும்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது, ஓடிக்கொண்டே வரும் தரவைக் கையாளும் பகுதி. கினிசிஸில் ஒரே கிளைக்குள் வருபவை வரிசை மாறாமல் வரும் என்று பழகியிருந்தேன். பப்சப்பில் தனியாகக் கேட்டு அமைத்தாலொழிய வரிசைக்கு உத்தரவாதமில்லை, ஒரே செய்தி இருமுறை வரவும் கூடும். தாமதமாக வந்த தரவை எந்த நேரக் கணக்கில் சேர்ப்பது என்பதைப் புத்தகத்தில் பலமுறை படித்தும் விளங்காத நிலையில், அதை எனக்கு விளக்கியது அம்மாவின் இலைக்கணக்கு நோட்டு. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. திங்கட்கிழமை பறித்துக் கொடுத்த இலைக்குச் சீட்டு வியாழக்கிழமை வந்தாலும், அம்மா அதைத் திங்கட்கிழமைக்கு நேராகத்தான் எழுதுவார். அதற்காகவே ஒரு வரியை வெறுமையாக விட்டு வைப்பார். மாதக் கணக்கை முடித்துக் கூட்டல் போட்ட பிறகு வரும் சீட்டை மட்டும் அடுத்த பக்கத்தில் தனியாகக் குறிப்பார். ஓடிவரும் தரவைக் கணக்கிடும் கூகுளின் டேட்டாஃப்ளோவில் நிகழ்வு நேரம், வாட்டர்மார்க் (இந்த நேரம் வரையிலான தரவு வந்துவிட்டது என்ற கணிப்பு), தாமத வரம்பு என்று சொல்லப்படுவதெல்லாம் ஏறக்குறைய இதுவேதான்.

அந்த நோட்டிலிருந்த நான்காண்டுக் கணக்கையும் தட்டச்சு செய்து பிக்குவெரியின் சாண்ட்பாக்ஸ் என்ற இலவசப் பயிற்சி வசதியில் ஏற்றிப் பழகினேன். அதற்கு வங்கி அட்டை தேவையில்லை. 10 ஜிபி சேமிப்பும், மாதம் 1 டிபி வரை குவெரியும் கிடைக்கின்றன. அதில் உருவாக்கும் அட்டவணைகள் 60 நாளில் தாமாக அழிந்துவிடும் என்பதை 61ஆம் நாள்தான் தெரிந்துகொண்டேன். நல்லவேளை, கோப்பு என் கணினியில் இருந்தது.

இனிக் கோரிக்கைக்கு வருகிறேன். இந்தத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம்; ஆனால் அறையில் தேர்வர் தவிர யாரும் இருக்கக் கூடாது, அறை முழுவதையும் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும், இடையில் ஒருவர் கதவைத் திறந்தாலும் தேர்வு ரத்தாகலாம். எஸ்டேட் தொழிலாளர்களின் ஒட்டி ஒட்டிய லைன் வீட்டில் ஐந்து பேருடன் வசிக்கும் ஒரு பிள்ளை இரண்டு மணி நேரத்துக்குத் தனி அறைக்கு எங்கே போவாள்? எனக்குத் தனி அறை இருந்தும் பயனில்லை. நவம்பர் மழையில் தேர்வு தொடங்கி நாற்பது நிமிடத்தில் மரம் விழுந்து மின்சாரம் போயிற்று. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது, இணையம் நின்றுவிட்டது. பல மின்னஞ்சல்களுக்குப் பிறகு வேறு தேதி கிடைத்தது. இந்த முறை கோவைக்கே சென்று எழுதினேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான் என்றாலும், மழைக்காலத்தில் அந்தச் சாலையை நம்பிக் காலையில் புறப்பட முடியாது என்பதால், முதல் நாளே இறங்கி விடுதியில் தங்கினேன். தேர்ச்சியும் பெற்றேன், ஆனால் தங்கும் செலவும் பேருந்துச் செலவும் சம்பளம் வாங்கும் என்னால் முடிந்தவை, கல்லூரி முடித்து வேலை தேடுபவரால் முடியாதவை.

2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்கு இத்தகைய திறன்களைக் கற்றுத்தர முனைந்திருக்கிறது. கற்றதைத் தேர்வாக எழுதுவதற்கும் மலையிலேயே வழி இருக்க வேண்டும். ஊட்டி மாவட்ட மைய நூலகத்திலும், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களின் நூலகங்களிலும் உள்ளே தாழிடக்கூடிய ஒரு சிறிய அறை, ஒரு மேசை, கம்பி வழி இணையம், அந்த இணையக் கருவிக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் தாங்கும் இன்வெர்ட்டர் ஆகியவற்றை ஏற்பாடு செய்து, முன்பதிவு செய்பவர்களுக்குச் சிறு கட்டணத்தில் வழங்குமாறு மாவட்ட நிர்வாகத்தையும் நூலகத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒரே ஓர் ஊரிலாவது இதைத் தொடங்கினால், இந்த ஆண்டு எழுதவிருக்கும் சிலருக்காவது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.