செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் அல்சூர் வட்டாரப் பறவை நோக்குவோர் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பார்த்த இனங்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதைச் சற்று நிறுத்திவைத்து, நம் பதிவேட்டில் “பழுப்புச் சிறு குருவி, இனம் தெரியவில்லை” என்று குளிர்காலம்தோறும் இடம்பெற்றுவந்த பறவையை உறுதியாக அறிவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அதன்படி பெங்களூரின் லால்பாக், கப்பன் பூங்கா, ஹெப்பாள் ஏரிக்கரை ஆகிய இடங்களில் ஞாயிறு காலைகளில் கவனித்ததில், அவற்றுள் பெரும்பாலானவை பிளைத் நாணல் கதிர்க்குருவிகளே என்ற முடிவுக்கு வந்துள்ளோம்.

ஏறத்தாழ 13 செ.மீ. நீளமுள்ள இப்பறவையின் மேற்பகுதி ஒரே சீரான மங்கிய ஆலிவ் பழுப்பு, அடிப்பகுதி வெளிறியது, கோடோ புள்ளியோ இறக்கைப் பட்டையோ கிடையாது. இப்படி அடையாளம் ஏதும் இல்லாமையே புதியவர்களைத் திணற வைக்கிறது. கண்ணுக்கு மேலுள்ள வெளிர் புருவம் குட்டையானது. கண்ணைத் தாண்டிப் பின்னால் அதிகம் நீளாது. வயல் கதிர்க்குருவிக்கு அப்புருவம் பளிச்சென்று பின்னோக்கி நீள்வதோடு அலகும் சிறிது குட்டையாக இருக்கும். ஏரி நாணலுக்குள்ளிருந்து கரகரப்பான குரலில் ஓயாமல் கத்தும் பெரிய நாணல் கதிர்க்குருவியோ உருவில் தெளிவாகவே பெரியது. ஆனால் அடர்ந்த புதருக்குள் ஒரு நொடி தலைகாட்டி மறையும் பறவையிடம் புருவத்தை அளந்துகொண்டிருக்க முடியாது என்பதால், காதை நம்புவதே மேல் என்பது என் கருத்து. இடைவெளி விட்டு விட்டு “டக்… டக்…” என்று கூழாங்கற்களைத் தட்டுவதுபோல எழும் ஒற்றை ஒலி தரைக்கு அருகிலுள்ள புதரிலிருந்து வந்தால் அது பெரும்பாலும் இதுவே. மரத்தின் மேற்கிளை இலைகளுக்கிடையிலிருந்து இரண்டு அசையாகக் கீச்சென்று கேட்டால் அது பச்சைக் கதிர்க்குருவி. இரண்டும் ஒரே தோட்டத்தில், ஒன்று கீழும் மற்றொன்று மேலுமாக, குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பறவையை இனங்காணும் கைபேசிச் செயலி சொல்லும் பெயரை மட்டும் வைத்துப் பதிவிட வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது.

பிளைத் நாணல் கதிர்க்குருவியை 1849இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத். பின்லாந்து, பால்டிக் நாடுகள் தொடங்கி ரஷ்யா வழியாக சைபீரியாவின் பைக்கால் ஏரிப் பக்கம் வரையிலும், மத்திய ஆசியாவிலும் இது இனப்பெருக்கம் செய்கிறது. கடந்த நூற்றாண்டில் இதன் எல்லை மேற்கே விரிந்து பின்லாந்தை எட்டியது. ஐரோப்பாவில் கூடு கட்டும் கதிர்க்குருவிகளில் பெரும்பாலானவை குளிர்காலத்திற்கு ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்ல, இதுவோ 6,000 கிலோமீட்டருக்கும் மேல் தென்கிழக்காகப் பறந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. நம் பூங்காவில் ஒலிக்கும் ஒரு குறிப்பிட்ட குருவி எங்கே பிறந்தது என்பதைக் காலில் அடையாள எண் பொறித்த வளையம் இருந்து, அதைப் படிக்கவும் முடிந்தால்தான் சொல்ல இயலும். பறவைகளுக்கு வளையமிடும் பணியை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. கூடு கட்டும் நாட்டில் இரவெல்லாம் பிற பறவைகளின் குரல்களைக் கலந்து பாடும் இந்தப் பாட்டுக்காரர் இங்கே ஏழெட்டு மாதங்கள் அந்த ஒற்றை ஒலியோடு நிறுத்திக்கொள்கிறார்.

செப்டம்பர் வாக்கில் வந்து ஏப்ரலில் புறப்படும் இது, இங்கிருக்கும் காலத்தில் தனியாக ஒரு சிறு பகுதியைத் தனதாக்கிக்கொண்டு பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடி உண்கிறது. அதற்கு ஏரியோ நாணலோ கட்டாயமில்லை. வேலியோரப் புதரும், உண்ணிச்செடியும், காலிமனையில் மண்டிய செடிகொடிகளும் போதும். நகரில் முதலில் வெட்டப்படுவதும் இவைதாம். பூங்காவை அழகுபடுத்துவதென்றால் புல்தரை விரித்து, அடிப்புதரை முற்றாக அகற்றுவது என்றே பொருள்கொள்ளப்படுகிறது. உண்ணிச்செடி அயல்நாட்டு ஆக்கிரமிப்புச் செடி என்பதால் அதைக் காக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. அதை அகற்றும் இடத்தில் உள்ளூர்ப் புதர்ச்செடிகளை வளர்க்க வேண்டும் என்றே கேட்கிறோம். பாம்பு, கொசு பற்றிய குடியிருப்போரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆகவே நடைபாதை ஓரத்தைச் சுத்தமாக வைத்து, சுற்றுச்சுவர்ப் பக்கத்தில் மட்டும் ஒரு பட்டையை வெட்டாமலும் பூச்சிமருந்து அடிக்காமலும் விடுமாறு பூங்கா நிர்வாகத்திற்கு மனு அளித்துள்ளோம். பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

பிப்ரவரியில் நடைபெறும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பில் வழக்கம்போல் பங்கேற்றோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு உறுப்பினரும் தம் தெருவிலோ பூங்காவிலோ ஒரு புதரைத் தெரிவுசெய்து, “டக்” ஒலி முதலில் கேட்ட நாளையும் கடைசியாகக் கேட்ட நாளையும் நேரத்துடன் இ-பேர்ட் என்னும் இணையவழிப் பறவைப் பதிவேட்டில் பதிவிட வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஒலி கேட்காத வாரத்தையும் பட்டியலாகப் பதிவிட வேண்டும். அது இல்லாமல் வருகை நாளைக் கணிக்க இயலாது. ஆகஸ்ட் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

இங்ஙனம்,
செயலாளர்