நாப்பத்திரெண்டாவது பூச்சி

டேய் மாப்ள சரவணா,

எப்பிடிடா இருக்க? தங்கச்சி, புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? அங்க குளிர் ஆரம்பிச்சிருச்சுன்னு ஸ்டேட்டஸ்ல பாத்தேன். நீ ரெண்டு தடவ மெசேஜ் போட்டும் நான் ஒழுங்கா பதில் போடல, கோச்சுக்காத. அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சு, ஆபரேஷன் ஆகி, ரெண்டு மாசமா வீடே தலைகீழா கெடந்துச்சு. இப்ப வாக்கர புடிச்சுக்கிட்டு கூடத்துல இருந்து வாசப்படி வரைக்கும் நடக்குறாரு, அங்க நின்னு தெருவ ஒரு பார்வ பாத்துட்டு திரும்பி வர்றாரு, அம்மாவுக்கு அதுலயே முகம் தெளிஞ்சிருச்சு.

உன்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஹாலோ நைட்டுங்கற வீடியோ கேம்ல கடைசி பாந்தியான முடிச்சிட்டேன்டா! கதை எல்லாம் போன வருஷமே முடிஞ்சது, நான் சொல்றது அந்த 42 பாஸு, அதான் பெரிய எதிரிங்க, ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருவாங்க, நடுவுல எங்க செத்தாலும் மொத ஆள்ட்ட இருந்து திரும்ப ஆரம்பிக்கணும்ல, அத. 2018 ஆகஸ்ட்ல காட்மாஸ்டர்னு ஒரு கூடுதல் பகுதிய ஃப்ரீயா குடுத்தாங்கல்ல, கேம பண்ணுன அடிலெய்டு டீம் செர்ரி பசங்க, அதுல வந்தது. ஒரு தடவ முழுசா போக முக்கா மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஒரு சண்டைல வாங்குன அடி அடுத்த சண்டைக்கும் கூடவே வரும், நடுவுல சில எடத்துல உக்கார பெஞ்ச் இருக்கும், அங்க மட்டும்தான் மூச்சு வாங்கலாம். நாப்பது பேர தாண்டி ப்யூர் வெஸல், அவனையும் முடிச்சா அப்சல்யூட் ரேடியன்ஸ், அவ அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு உசுரு போகும். முக்கா மணி நேரம் ஒழுங்கா ஓட்டிட்டு அவகிட்ட போயி முப்பது செகண்ட்ல செத்து, திரும்ப மொத பறக்குற பூச்சிட்ட வந்து நிக்கிறப்ப வயித்துக்குள்ள ஒண்ணு எறங்கும் பாரு, நீ தூக்கிப் போட்டுட்டு போயிருவ, உன்ன எனக்குத் தெரியும்.

நான் விடாததுக்கு காரணம் அப்பாதான். வலி மாத்திரை போட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்குவாரு. நான் கட்டிலுக்குப் பக்கத்துல பாய விரிச்சு படுத்துருப்பேன், எனக்கும் தூக்கம் புடிக்காது, சத்தத்த அமத்திட்டு ஸ்விட்ச்சுங்கற கைல வெச்சு ஆடுற கேம் மெஷின எடுத்துருவேன். ஒரு நாள் எட்டிப் பாத்து "என்னடா அது, பூச்சியா"ன்னாரு. ஆமாப்பா பூச்சிங்கதான், மொத்தம் நாப்பத்திரெண்டு, ஒருத்தன்ட்ட தோத்தாலும் மொதல்ல இருந்துன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. மறுநாள் ராத்திரி அவரே கேட்டாரு, "இன்னைக்கு எத்தனாவது?" அதுல இருந்து தினமும் இதே கேள்விதான். பதினெட்டுன்னா "ம்"ம்பாரு, முப்பத்தி அஞ்சுன்னா தலகாணிய தூக்கி வெச்சுக்கிட்டு பாப்பாரு. நடுவுல தண்ணி வேணும்பாரு, திரும்பி படுக்கணும்பாரு, அப்ப ஸ்லீப்ல போட்டு வெச்சுட்டு எந்திரிச்சு போவேன், வந்து விட்ட எடத்துலயே தொடங்குவேன்.

அந்த ராத்திரிங்கள்ல அவருக்கு டெசர்ட் பஸ் கதைய சொன்னேன். உனக்குக் கூட ஒரு தடவ சொல்லிருப்பேன். 1995ல சேகா சிடிங்கற கேம் மெஷினுக்காக பென் அண்ட் டெல்லர்னு ரெண்டு மேஜிக்காரங்க பண்ண வெச்ச கேம், வெளியிட வேண்டிய கம்பெனி மூடிட்டதால கடைக்கே வரல, பத்து வருஷம் கழிச்சு ஒரு காப்பி வெளிய வந்து அப்பறம் பரவுச்சு. அதுல டூசான்ல இருந்து லாஸ் வேகாஸுக்கு காலி பஸ்ஸ ஓட்டணும், வேகம் 45 மைலுக்கு மேல போகாது, நம்ம கணக்குல 72 கிலோமீட்டர். எட்டு மணி நேரம், நெஜமான எட்டு மணி நேரம்டா, மாட்டுத்தாவணில இருந்து மெட்ராஸ் போற நேரம். எதிர்ல வண்டி கெடையாது, நடுவுல நிறுத்தி வெக்க முடியாது, பஸ்ஸு லேசா வலது பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும், அதனால பட்டன அமுக்கி வெச்சுட்டு தூங்கவும் முடியாது. ரோட்ட விட்டு எறங்குனா டோ வண்டி வந்து திரும்ப டூசானுக்கே இழுத்துட்டுப் போகும், அதுவும் வந்த நேரம் முழுசும் எடுத்துக்கிட்டு. போய் சேந்தா ஒரே ஒரு பாயிண்ட். கேம்ல சண்டை அடிதடி ஜாஸ்தின்னு அப்ப அமெரிக்கால பெரிய சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க, அதுக்கு பதிலா பண்ணதுதான் இது.

முப்பது வருஷம் பஸ் ஓட்டுன மனுஷன்ட்ட போயி இத சொல்றேன் பாத்துக்க. மொதல்ல "வலது பக்கம் இழுக்குதுன்னா அலைன்மெண்ட் பாக்கச் சொல்லு"ன்னாரு. அப்பறம் "பாசஞ்சரே இல்லாம வண்டி எதுக்குடா ஓடணும்"னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்பறம்தான் கனடாக்காரங்க கதைய சொன்னேன். லோடிங் ரெடி ரன்னுன்னு விக்டோரியா ஊர்ல காமெடி வீடியோ போடுற ஒரு பசங்க கூட்டம், 2007ல இந்த பஸ்ஸ ஷிஃப்ட் போட்டு ஓட்டுனாங்க, ஆஸ்பத்திரில இருக்குற குழந்தைங்களுக்கு பொம்மை, கேம் எல்லாம் வாங்கிக் குடுக்குற சைல்ட்ஸ் ப்ளேங்கற அமைப்புக்கு பணம் சேக்க. மொத மணி நேரத்துக்கு 1 டாலர், அடுத்த ஒவ்வொரு மணிக்கும் 7 சதவீதம் கூட. ஜனங்க பணம் போடப் போட ஓட்ட வேண்டிய நேரம் நீண்டுக்கிட்டே போகும். கணக்கு போட்டுப் பாரு, 100 மணி நேரத்துக்கு பன்னெண்டாயிரம் டாலர் சொச்சம்தான் வரும், ஆனா 150 மணிக்கு மூணரை லட்சத்த தாண்டும். ஒருத்தர் ஓட்ட, பக்கத்துல இருக்குறவங்க பாட்டு பாட, பேச, சாப்பாடு குடுக்க, வருஷா வருஷம் இன்னைக்கும் நடக்குது. அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு "மொத வருஷம் கலெக்‌ஷன் எவ்வளவு"ன்னாரு. 22 ஆயிரம் டாலருக்கு மேலன்னேன். "பரவால்லயே"ன்னு சொல்லிட்டு கண்ண மூடிட்டாரு.

இதெல்லாம் யோசிக்கிறப்ப நம்ம டிவி கேம் ஞாபகம்தான்டா வந்துச்சு. மாரியோல பைப்புல பூந்து தாண்டாம 32 லெவலும் நேரா போகணும்னு ஒரு லீவு பூரா உயிர விட்டோமே, எட்டாவது உலகத்துல காலு வெச்ச அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு கரண்ட் போச்சே. சேவும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நீ அந்த இருட்டுலயே கண்ட்ரோலர கைல வெச்சுக்கிட்டு கரண்ட் வர்ற வரைக்கும் உக்காந்துருந்த, வந்தாலும் மொதல்ல இருந்துதான்னு தெரிஞ்சே. அப்ப பக்கத்துல நீ இல்லாட்டி நான் ரெண்டாவது உலகத்துலயே விட்டுருப்பேன். நீளமான ஆட்டம்ங்கறது தனியா ஆடுறதுக்கு இல்லன்னு அப்பவே எனக்கு தெரிஞ்சிருக்கணும்.

தனியா ஆடுனவங்களும் இருக்காங்க, ஸ்காட் சாஃப்ரான் கதை கேட்டதுல இருந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. 1982 நவம்பர்ல, 15 வயசுப் பையன், அஸ்டிராய்ட்ஸ்னு காசு போட்டு ஆடுற மெஷின் கேம்ல ரெண்டு நாளுக்கு மேல நின்னு 4,13,36,440 பாயிண்ட் எடுத்தான். அந்த கேம்ல பத்தாயிரம் பாயிண்டுக்கு ஒரு கப்பல், அதாவது ஒரு உசுரு, கூடுதலா கெடைக்கும், அத டஜன் கணக்குல சேத்து வெச்சுக்கிட்டு, பசிச்சா பாத்ரூம் வந்தா மெஷின அப்பிடியே விட்டுட்டு போயிருவாங்க, திரும்பி வர்றதுக்குள்ள கொஞ்சம் கப்பல் வெடிச்சுருக்கும், மிச்சத்த வெச்சு தொடரலாம். சேத்து வெச்ச உசுர குடுத்து நேரம் வாங்குறது, எனக்கு இது ரொம்ப புடிச்ச விஷயம். அவன 1989லயே சாவு கொண்டுட்டுப் போயிருச்சு. அது தெரியாம ரெக்கார்டு கணக்கு எழுதி வெக்கிறவங்க அவன வருஷக்கணக்கா தேடுனாங்க, கடைசில 2002ல விருத அவன் குடும்பத்துக்கிட்டதான் குடுக்க முடிஞ்சது. 2010ல ஜான் மெக்காலிஸ்டர் அத முறியடிச்சாரு, எவ்வளவுல தெரியுமா, வெறும் 2,300 பாயிண்ட்ல. 27 வருஷம்டா!

டிம் மெக்வே கதை வேற மாதிரி. அயோவால ஒட்டும்வாங்கற ஊரு, 1984 ஜனவரி, நிப்ளர்னு பாம்பு கேம், ஒரே காசுல 44 மணி நேரத்துக்கு மேல ஆடி நூறு கோடி பாயிண்ட தாண்டுன மொத ஆளு. ஊரே அவன் பேர்ல ஒரு நாள கொண்டாடுச்சு.

ஆனா எல்லா நீளமும் நல்லதுன்னு நான் சொல்ல வரல. 2008ல ஃபைனல் ஃபேண்டஸி 11ங்கற ஆன்லைன் கேம்ல பாண்டமோனியம் வார்டன்னு ஒரு பாஸ் கூட ஒரு கூட்டம் 18 மணி நேரம் சண்டை போட்டுச்சு, சிலர் மயங்கி விழுந்தாங்க, வாந்தி எடுத்தாங்க, கடைசில ஜெயிக்காமலே நிறுத்துனாங்க. அதுக்கப்பறம் அந்த பாஸு ரெண்டு மணி நேரத்துல தானா மறையிற மாதிரி மாத்துனாங்க. அந்த கேம் உள்ள போறப்பவே குடும்பம், ஸ்கூலு, வேலையெல்லாம் மறந்துறாதீங்கன்னு சொல்லும், அப்பிடியிருந்தும். எல்லாரும் கூடத்தான் இருந்தாங்க, ஆனா போதும் எந்திரின்னு சொல்ல ஒருத்தர் அவ்வளவு நேரம் வரைக்கும் இல்ல. நீ என்கிட்ட அத சொல்லிருக்க, பப்ளிக் எக்ஸாமுக்கு மொத நாளு ஒயர புடுங்கி சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு உங்க வீட்டுக்கே போயிட்ட. அன்னைக்கு உன்ன எவ்வளவு திட்டுனேன்.

முடிச்ச ராத்திரிய சொல்லிர்றேன். "எத்தனாவது"ன்னாரு, கடைசிப்பான்னேன். தரை மறைஞ்சு போச்சு, மேல மேல தாவிப் போகணும், சுத்தி வெளிச்சம் கம்பி கம்பியா வந்து குத்துது, எனக்கு ஒரு அடி வாங்குற அளவுக்குதான் உசுரு மிச்சம். கை நடுங்கிப் போச்சுடா. அப்பா மூச்சு விடுற சத்தம் கூட கேக்கல. கடைசி நாலு அடிய எப்பிடி அடிச்சேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. முடிஞ்சிருச்சுப்பான்னு திரும்பிப் பாத்தா முழிச்சுத்தான் இருந்தாரு. "ம், அந்த தண்ணிய எடு"ன்னாரு. குடிச்சுட்டு, "நாளைக்கு என்ன பண்ணுவ"ன்னு கேட்டாரு.

பொங்கலுக்கு வர்றேன்னு சொன்னியே, டிக்கெட் போட்டுட்டியா? பழைய டிவி கேம பரண்ல இருந்து எறக்கி தொடச்சு வெச்சிருக்கேன். ஒரு கண்ட்ரோலர்ல தாவுற பட்டன் அமுங்க மாட்டேங்குது, கடைல குடுத்துருக்கேன். யூபிஎஸ் போட்டாச்சு, கரண்ட் பயம் இல்ல. தேதிய மட்டும் சொல்லு, அப்பா நேத்தே ரெண்டு தடவ கேட்டுட்டாரு.

உன்
முருகேசன்